மீசை வைத்த அக்கா

1

நான் ஒரு முறை காலத்தைப் பின்னால் ஓட வைத்திருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல பகல் வெளிச்சத்தில், டயர் கடையை ஒட்டிய மாடிப்படியில். கடிகார முள்ளைத் திருப்பி வைக்கிற சில்லறை வேலை இல்லை. நடந்து முடிந்துபோன ஒரு சண்டையை நடக்காததாக்கி, முதலிலிருந்து மறுபடி நடக்க வைத்தேன். சூரியன்கூட ஓரடி பின்வாங்கிற்று. டயர் கடைக்காரர் சாட்சி. (அவர் அப்போது ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். இருந்தாலும் சாட்சி.)

இதை நம்பாத ஒரே ஆள் என் மனைவி. மற்றவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

கதையின் பிறப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்த காலம் முழுக்க நான் மெத்தை விற்றேன். என்னிடம் மெத்தை வாங்கிய ஒருவர் தன் கல்யாணத்துக்கே எழுந்து போகவில்லை. ஓய்வு பெற்றதும் கடையில் கொட்டிய பேச்சு மொத்தமும் வீட்டுக்குள் வந்து விழுந்தது. மனைவி தாங்கும்வரை தாங்கினாள். பிறகு அவளேதான் கண்டுபிடித்தாள், டயர் கடை மாடியில் மனச்சிதைவு உள்ளவர்களுக்கு ஒரு பகல்நேரப் பயிற்சி மையம் இருப்பதையும், அங்கே உட்கார்ந்து பேசுவதற்கு ஆள் தேடுவதையும்.

"உங்களுக்குன்னே ஒரு வேலை செஞ்சு வச்சிருக்காங்க. சம்பளம் கிடையாது. வாய்க்கு வேலை உண்டு. கிளம்புங்க."

கிளம்பினேன். அதனால் இந்தக் கதை.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

'குரல்கள் அவனை நாலா பக்கமும் சூழ்ந்தன. அந்த இருளில் அவன் —'

(மனைவி ஓரத்தில் பென்சிலால்: "அங்க பகல்லயும் ட்யூப்லைட் எரியுது. என்ன இருள்?" நியாயம்தான். விட்டுவிட்டேன்.)

'மனச்சிதைவு என்பது மனித குலத்தின் —'

(இதை நானே விட்டுவிட்டேன். மனித குலத்துக்கு மெத்தை விற்று எனக்குப் பழக்கமில்லை. ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான்.)

ஆகவே அறையிலிருந்தே தொடங்குகிறேன். சுவரோரம் பழைய கணினிகள். காலையில் எல்லோரும் அவற்றின் முன் உட்காருவார்கள். வண்ணப் புள்ளிகள் வரும். சிவப்புக்கு மட்டும் பொத்தானைத் தட்ட வேண்டும். பிறகு ஒரு தெருப்படம் வரும். தபால் நிலையம், மருந்துக்கடை, பால்கடை மூன்றுக்கும் போய்வர வேண்டும். மருந்துக்கடை சீக்கிரம் மூடிவிடும். எங்கே முதலில் போவீர்கள்? இதென்ன பெரிய வித்தை என்று நானும் ஒரு நாள் உட்கார்ந்தேன். என் பால் கெட்டுப்போயிற்று.

மனச்சிதைவு என்றதும் வெளியில் இருக்கிற நாம் குரல் கேட்பதைத்தான் பெரிதாகச் சொல்வோம். மாத்திரை அந்தக் குரல்களை ஓரளவு அடக்கிவிடுகிறது. அடங்கிய பிறகும் கவனம் ஓரிடத்தில் நிற்பதில்லை; சொன்னது மனதில் தங்குவதில்லை; எதிரே இருப்பவர் முகத்தில் தெரிவது கோபமா களைப்பா என்று பிடிபடுவதில்லை. பலருக்கு வேலையும் உறவும் நழுவிப்போவது இந்த இடத்தில்தான். அங்கே பயிற்சி தருபவர் ஒரு நடுவயதுப் பெண், என்னை அதட்டும் உரிமை பெற்றவர். முதல் நாளே எச்சரித்தார்: "இது நோயை விரட்டாது சார். நோய் எடுத்துக்கிட்டுப் போனதுல கொஞ்சத்த மீட்டுக் குடுக்கும். இதுக்கு மேல சொல்லி யார்கிட்டயும் வித்துடாதீங்க."

தேநீருக்குப் பிறகு நாற்காலிகளை வளைவாகப் போட்டு, நடுவில் இரண்டை எதிரெதிராக வைப்பார்கள். ஒன்றில் பேசிப் பழக வேண்டியவர். மற்றதில் நான். நான்தான் கடைக்காரர், மேலதிகாரி, வீட்டுச் சொந்தக்காரர், பேருந்தில் காலை மிதித்துவிட்டு முறைக்கிறவர். பேசி முடித்ததும் சுற்றியிருப்பவர்கள் கருத்துச் சொல்வார்கள். அதற்கொரு முறை உண்டு. முதலில், எது நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு, மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. பிறகு எல்லோரும் கேட்பார்கள்: "இன்னொரு தடவை செஞ்சு பாப்போமா?" நான் எழுந்து கதவுவரை போய், ஒன்றுமே நடக்காதவன்போலத் திரும்பி வருவேன்.

3

இனி கதாநாயகன். இவன்மேல் எனக்கு ஒரு சந்தேகம்: ஒரு கதையைத் தாங்குவானா? கதையில் வருகிறவன் கொஞ்சமாவது கத்த வேண்டாமா, கண்ணாடியை உடைக்க வேண்டாமா? இவன் கட்டட வரைபடம் வரைந்துகொண்டிருந்தவன். நரை விழுந்த தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. "மூணு வேலை சொன்னா நடுவுல இருக்கறது காணாமப் போயிடுது சார்," என்று தன் நோயை ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டான். எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்பான். யோசித்துத்தான் பதில் வரும்.

முந்தைய வரைவு ஒன்றில் இவனைக் கணித மேதையாக்கியிருந்தேன். பென்சில் கேட்டது: "ஏன், சாதாரண ஆளுக்கெல்லாம் இந்த நோய் வரக்கூடாதா?" மேதையை அழித்தேன்.

அவனைத் தம்பி என்றே எழுதப்போகிறேன். அவனுக்கு அக்காவாக இருந்தவனுக்கு அந்த உரிமை உண்டு.

4

ஆமாம், அக்கா. சரியாகத்தான் படித்தீர்கள்.

"அடுத்து யார்கிட்ட பேசிப் பழகலாம்?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"அக்காகிட்ட."

"என்ன பேசணும்?"

"ஒரு நிமிஷம்." யோசித்தான். "ஒரே கேள்விதான். அம்மா கடைசியா என்னைக் கேட்டாங்களான்னு."

அம்மா இறந்தபோது அவன் மருத்துவமனையில் இருந்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அதற்கும் முன்னால், நோய் முற்றியிருந்த நாட்களில், அம்மா சாப்பாட்டில் எதையோ கலக்கிறாள் என்று நம்பி, அவளை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டிருக்கிறான். அன்றோடு அக்கா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அக்காவாக யார் உட்காருவது? நான் கையைத் தூக்கினேன்.

"மீசை இருக்கே சார்," என்றார் பயிற்சியாளர்.

"கண்ண மூடிக்கிட்டா தெரியாது."

"கண்ணப் பாத்துப் பேசறதுதான் சார் பயிற்சியே."

தம்பி என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "பரவாயில்ல. அக்காவுக்கும் லேசா உண்டு."

உட்கார்ந்தோம்.

"அக்கா, நான்தான்."

"எந்த நான்?" என்றேன், சுருக்கென்று.

அவன் பேச்சை நிறுத்திவிட்டான். "சார், இப்ப பேசினது நீங்கதானே?"

"நான்தான் தம்பி. வேற யாரும் இல்ல."

"சரி."

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: இதை அவன் அடிக்கடி கேட்பான். பேசியது நான்தானா என்று சரிபார்த்துக்கொண்ட ஒரே ஆள் அவன். வீட்டில் நான் பேசாதபோதும் பேசியதாகத்தான் கணக்கு.)

"அம்மா கடைசியா என்னைக் கேட்டாங்களா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? "கேட்டாங்களாவா? மூச்சுக்கு மூச்சு உன் பேருதான்டா கண்ணா! டாக்டரே அழுதுட்டாரு —"

"சார். நிறுத்துங்க," என்றார் பயிற்சியாளர்.

"இது மெத்தைக் குரல்," என்றான் தம்பி, மெதுவாக.

அறையே சிரித்தது. முறைப்படி கருத்தும் வந்தது. "சார் மூக்க உறிஞ்சினது நல்லா இருந்துச்சு," என்றார் ஒருவர். "மாத்த வேண்டியது, பொய்."

பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்ககிட்ட இல்லாத பதில அவருக்குக் குடுக்காதீங்க. அவங்க கத்தலாம். பேசாமலே இருக்கலாம். எழுந்து போயிடலாம். அதுக்கெல்லாம்தான் அவர் தயாராகணும்."

அப்புறம் நான் கத்தினேன். பேசாமல் இருந்தேன். (இதுதான் கடினம். வியர்த்துவிடும்.) எழுந்து போனேன். மாதக்கணக்கில் அவன் என்னிடம் அந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்; நான் பதில் சொல்லாமல் இருந்துகொண்டிருந்தேன். அக்காமார்களுக்குப் போட்டி வைத்திருந்தால் அவனுடைய சொந்த அக்காவே எனக்கு அடுத்துத்தான் வந்திருப்பாள். அந்த அளவுக்குத் தேறியிருந்தேன். அந்த அளவுக்கு அவனை —

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.)

5

ஒரு நாள் அவனே அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டான். அக்கா வருவதாகச் சொன்னாள். ஒரு நிபந்தனை: மையத்தைச் சேராத, சாதாரணமான ஒரு பெண்மணி கூட இருக்க வேண்டும். சாதாரணத்துக்கு என் மனைவியை விட்டால் யார்? அவள் போய் உட்கார்ந்தாள். என்னைப் பயிற்சியாளர் கீழே அனுப்பிவிட்டார். "நீங்க மேல இருந்தா கதவுல காத ஒட்டி வச்சுடுவீங்க."

அவதூறு. ஜன்னல் திறந்திருந்தது, காதை எங்கும் ஒட்ட வேண்டியிருக்கவில்லை.

அலுவலகத்திலிருந்து நேரே வந்தவள் மாதிரி, தோளில் பையோடு, அக்கா விறுவிறுவென்று படியேறினாள். மீசை இல்லை. முதலில் மேலே பேசியது எதுவும் எனக்கு எட்டவில்லை. பிறகு அவள் குரல் தெருவரை வந்தது.

"கேக்கல! கேக்கவே இல்ல! உன் பேர எடுத்தாலே கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கான்னு பாக்கச் சொல்வாங்க. போதுமா?"

இதை நான் ஊதிப் பெரிதாக்கவில்லை. முயன்று பார்த்தேன், எதைச் சேர்த்தாலும் சின்னதாகிவிடுகிறது.

அவள் தடதடவென்று இறங்கி வந்தாள். கடைசிப் படியில், டயர் அடுக்குக்குப் பக்கத்தில், எனக்கு எட்டும் தூரத்தில் நின்றாள். மேலே படியின் தலையில் தம்பி வந்து நின்றான்.

"அக்கா. ஒரு நிமிஷம்."

அவள் திரும்பவில்லை. போகவும் இல்லை. அவன் யோசித்தான். யோசித்து, தனக்குத் தெரிந்த முறைப்படி சொன்னான்:

"நீ சுத்தி வளைக்காம நேரா சொன்னது நல்லா இருந்துச்சு. குரல மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கலாம். இன்னொரு தடவை செஞ்சு பாப்போமா?"

உலகத்தில் வேறு எவனும் இப்படி ஒரு தவறு செய்ய மாட்டான். அந்த அறைக்கு வெளியே பேசிய பேச்சைத் திரும்ப முதலிலிருந்து பேச முடியாது என்று அவனுக்கு நாங்கள் சொல்லித்தரவே இல்லை. எங்கள் யாருக்கும் அது தோன்றவும் இல்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். 'என்ன சொல்றான் இவன்?' என்று கேட்கிற பார்வை. பிறகு திரும்பி, மெதுவாகப் படியேறினாள்.

6

நான் பார்த்தது அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்து அக்கா இறங்கி, யாரையும் பார்க்காமல் தெருவில் கலந்துபோனாள். மேலே நடந்ததைக் கேட்டால் மனைவி, "வந்தா, பேசினா, போனா," என்றாள். பயிற்சியாளர், அது தான் சொல்லக்கூடியது இல்லை என்றார். தம்பியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை நாற்காலிகள் போட்டபோது நான் வழக்கம்போல் அக்காவாக உட்காரப் போனேன். "அக்கா வேண்டாம் சார். போதும்," என்றான். வேலை போனவன்போல எழுந்து நின்றேன். அதன்பின் அவள் வரவில்லை. அவன் காலையில் வந்து புள்ளிகளைத் தட்டுகிறான். இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் வானொலியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே முடிவுகளை நானே செய்ய வேண்டியதாயிற்று.

முதல் முடிவு: அக்கா உள்ளே போய், "அம்மா உன்னைத்தான் கேட்டாங்கடா," என்றாள்; இருவரும் கட்டிக்கொண்டு — (பென்சில்: "மெத்தை.")

இரண்டாவது: விட்டுப்போன வசவுகளையும் முடித்துவிட்டு வரத்தான் போனாள். (பென்சில்: "அவ என்ன ராட்சசியா?")

மூன்றாவது: காலம் பின்னால் ஓடியது, சண்டை அழிந்தது, எல்லாம் முதலிலிருந்து. (பென்சில், அழுத்தமாக: "நீங்க கீழ நின்னீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? நடக்காததையெல்லாம் எழுதாதீங்க.")

7

சரி, தோற்றேன். என் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய முடிவை நேற்று எழுதினேன். முழுதாகத் தருகிறேன்: 'அக்கா மறந்து வைத்துவிட்ட குடையை எடுக்கத்தான் மேலே போனாள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.'

இன்று காலை மனைவியிடம் நீட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். பென்சிலை எடுக்கவில்லை. மறுபடி படித்தாள்.

"என்னங்க இது, குடையா?"

"ஆமா. நம்பற மாதிரி எழுதுன்னு நீதானே சொன்னே?"

"அன்னிக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சு. அவ குடையே கொண்டுவரல."

"அப்ப கைப்பைன்னு மாத்திடறேன்."

"அது தோள்லயே இருந்துச்சு."

"அப்ப எதுக்குத்தான் போனா?"

அந்த வீட்டில் முதல்முறையாக, நான் பேசாமல் காத்திருந்தேன்.

"கதவு தெறந்துதான் கெடந்துச்சு," என்றாள் கடைசியில். "அவ உள்ள வரல. வெளிய நின்னு, மொதல்ல மாதிரியே, தெறந்த கதவத் தட்டினா. அவன் போய் நாற்காலில உக்கார்ற வரைக்கும் நின்னா. அப்புறம் மொதல்ல வந்தப்ப எப்படிக் கேட்டாளோ, அதே மாதிரி, 'எப்படி இருக்கே'ன்னு கேட்டா."

"அவன் அந்தக் கேள்விய மறுபடி கேட்டானா?"

"கேட்டான்."

"அவ என்ன சொன்னா?"

"குரல குறைச்சுச் சொன்னா. என்ன சொன்னான்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அது அவங்க ரெண்டு பேருக்கும் உள்ளது."

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை. ஆக, கத்திச் சொன்ன பதில் ஒன்று. அதை நான் கேட்டேன், உங்களிடம் தந்துவிட்டேன். மெதுவாகச் சொன்ன பதில் இன்னொன்று. அதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அதே சொற்கள்தானா, வேறா. வேறு என்றால் இரண்டில் எது அந்த அம்மாவின் உண்மை, எதுவரை அக்காவின் இரக்கம், அதை அவன் கண்டுகொண்டானா, கண்டுகொண்டும் ஏற்றுக்கொண்டானா — உங்கள் பாடு. என் கையில் கொடுத்தால் அது என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

மனைவி காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "குடைய அடிச்சுடுங்க."

"மூணாவது முடிவ நடக்காததுன்னு எழுதினியே?"

கத்தியை எடுத்தவள் மறுபடி கீழே வைத்தாள். புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

"நடந்துச்சுங்க," என்றாள். "நான் பாத்தேன்."