வெறுங்காலும் துடைப்பமும்

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. சீனாவில் வெறுங்காலோடு மலையேறிய ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

சுகர் லேண்ட் என்கிற அமெரிக்க ஊரில் ஹம்சா என்று ஒரு பெண். கணவர் சேனாபதிக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து வேண்டிக்கொண்டாள்: இவர் பிழைத்தால், முதலில் கண்ணில் படும் மலைக்கோயிலில் இவரோடு நின்று விளக்கேற்றுவேன். ஆனால் சுகர் லேண்டில் மலைக்கு எங்கே போவது? ஃப்ரீவே மேம்பாலம்தான் அங்கே உயரம். அடுத்த வருடம் அவருடைய ஆபீஸ் வேலையாகச் சீனா போனபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆயிரம் வருடத்துக் கோயில். பாதி மேகத்துக்குள், பாதி வெளியே. ஐந்து மணிக்கு நடை அடைத்துவிடுவார்கள். மறுநாள் விடிந்தால் ஃப்ளைட்.

அடிவாரத்தில் கோயிலின் நுழைவு வளைவைப் பார்த்ததுமே ஹம்சா பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றி ஓரமாக விட்டாள். இருநூறு படி ஏறிய பிறகுதான் சேனாபதி கவனித்தார்.

"ஏய் ஹம்சா, இங்க எல்லாரும் ஷூ போட்டுட்டுத்தான் போறாங்க. கோயில் இன்னும் எழுநூறு படி மேல இருக்கு!"

"கழட்டினது கழட்டினதுதாங்க. நீங்க மெதுவா வாங்க, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

"அகல் உடையாம என் சாக்ஸ்ல சுத்தி வெச்சிருக்கியே, அதையாவது போட்டுக்கோ."

"தொவைக்காத சாக்ஸோட சாமிகிட்ட போகவா?"

"வெளக்கு மட்டும் போகலாமாக்கும்!"

படிகள் பனியில் சில்லிட்டன. பைன் ஊசியும் கல்துணுக்கும் குத்த, படிக்குப் படி நின்றாள். மணி நாலரை. என் வயதிருக்கும் ஓர் அம்மாள் படி பெருக்கிக்கொண்டிருந்தார். ஹம்சாவின் வெறும் பாதங்களைப் பார்த்தார். திரும்பி, ஹம்சாவுக்கு முன்னால் ஒவ்வொரு படியாகப் பெருக்கிக்கொண்டே ஏறத் தொடங்கினார்.

மேலே சேர்ந்தபோது ஐந்தரை.

"போச்சு, மூடியிருப்பாங்க," என்றார் சேனாபதி.

கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மாள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஆட்டிக் காட்டிச் சிரித்தார். அடைக்க வேண்டியவரே அவர்தானாம்!

விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், மேகம் இறங்கியிருந்தது. மலைக்குப் பின் மலை, அதற்கும் பின்னால் நீலமாக இன்னொரு மலை. வெறும் பாறையில் வேரூன்றி நின்ற பைன் மரங்கள். பள்ளத்தாக்கு நிறைய வெண்மேகம், பொங்கி வழியப் போகும் பாலைப் போல. சேனாபதி அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். தைத்த இடத்துக்கு உள்ளே அது நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டில் யார் எந்தப் படி ஏறினாலும், முன்னால் பெருக்கிக்கொண்டு போக ஒருவர் இருக்கட்டும், கண்ணுகளா. நீங்கள் போய்ச் சேரும்வரை அந்த வாசல் திறந்தே இருக்கட்டும்.