டீசல் இறங்கிய அன்றைக்கு

சென்னீர்குப்பம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் வரிசையில் நிற்க உரிமை இல்லாத ஒரே வண்டி என்னுடையது. காரணம் கேட்டால் ஸ்டாண்டுத் தலைவர் கன்னியப்பன் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். பொம்பளைக்கு எதற்கு டர்ன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். டர்ன் இருந்தால் நிழலில் நின்று, முறை வந்ததும் வண்டி நிறைய ஆளோடு ஆவடிக்குக் கிளம்பலாம். நானோ சிக்னல் தாண்டி வெயிலில் நின்று, கைகாட்டுகிறவர்களைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். மாதக்கணக்காக இதே பிழைப்பு. அந்த வரிசையில் ஓர் இடம் கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது எனக்கு.

அன்று சாயங்காலம் செய்தி வந்தது. மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து டீசல் விலை இறங்குகிறது. பத்துக் காசு, இருபது காசு இல்லை, நிறையவே. ஸ்டாண்டே திருவிழா ஆகிவிட்டது. வரிசையில் வண்டி ஓட்டும் வெற்றிச்செல்வன் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். கன்னியப்பன் உத்தரவு போட்டார்: இன்றைக்கு ஒருத்தனும் டீசல் போடக் கூடாது, இருப்பதை வைத்து ஓட்டுங்கள், நாளைக்கு டேங்க் நிறைய அடிக்கலாம்.

நான் நேராகப் போய் டேங்க் நிறைய அடித்துக்கொண்டு வந்தேன். என் வண்டி கிழம். டீசல் டேங்கின் அடிமட்டத்துக்கு இறங்கினால் அங்கே இருக்கும் கசடு இன்ஜினுக்கு ஏறி நடுரோட்டில் நின்றுவிடும். விஷயம் தெரியாமல் எல்லோரும் சிரித்தார்கள். ஜமீலாக்கா பங்க் ஓனருக்குச் சீர் வைத்துவிட்டு வருகிறார் என்றான் வெற்றிச்செல்வன். வந்த கோபத்துக்கு அவன் கையில் இருந்த பஜ்ஜியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டிருப்பேன்.

விடிந்ததும் பார்க்க வேண்டுமே கூத்தை! பங்க் வாசலில் கயிறு கட்டி, ஸ்டாக் இல்லை என்று பலகை தொங்கவிட்டிருந்தார்கள். பங்க் ஓனரும் இவர்களைப் போலவே யோசித்திருக்கிறார். விலை இறங்கப்போகிற சரக்கைப் பழைய விலைக்கு வாங்கி நஷ்டப்படுவானேன் என்று லோடே எடுக்கவில்லை. அடுத்த பங்கிலும் அதே கதை. லாரி மத்தியானம்தான் வருமாம். ஸ்டாண்டு வண்டிகள் மொத்தமும் கயிற்றுக்கு முன்னால் நின்றன, பாதி வண்டி தள்ளிக்கொண்டு வந்தவை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஓடுகிற வண்டி என்னுடையது மட்டும்தான். ஜனம் மொய்த்துக்கொண்டது. ஆவடி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் விஜி, என் வண்டியில் தினமும் வருகிறவள், ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாள்.

"டீசல் ஏறுனா அன்னிக்கே அஞ்சு ரூபா ஏத்துறீங்கக்கா. எறங்குனா மட்டும் இன்னா, கண்ணு தெரிலயா?"

வண்டியே அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. இது நேற்றைய விலைக்குப் போட்டது, புது விலைக்குப் போட்டதும் அஞ்சு ரூபாய் குறைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஏற்றிய காசை எந்த ஸ்டாண்டிலும் யாரும் இறக்கியதில்லை. இறக்குகிறவளை வரிசைக்குள் எவன் சேர்ப்பான்? என் டர்னுக்கு நானே கொள்ளி வைத்துக்கொண்டேன் என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் வாக்கு வாக்குதானே. மறுநாள் காலை, புது டீசலோடு, சிக்னல் தாண்டி நின்று காசைக் குறைத்துச் சொன்னேன். அடேயப்பா! ஜனம் வரிசையில் நின்ற அத்தனை வண்டியையும் தாண்டி என்னிடம் நடந்து வந்தது. வண்டி நிரம்பியது, போனேன், வந்தேன், மறுபடி நிரம்பியது.

அடுத்த நடைக்கு வந்து நின்றபோது கன்னியப்பன் வந்தார். சண்டைதான் என்று துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"லைனுக்குள்ள வந்துரும்மா. உனக்கும் டர்ன் குடுக்குறேன். பழைய காசையே வாங்கு."

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! சரி என்று சொல்ல வாய் துடித்தது. சுற்றி நின்ற ஜனம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வர்றேன் அண்ணாத்தே. கொறைச்ச காசோடதான் வருவேன். எல்லா வண்டிக்கும் அதே காசு."

அவர் திரும்பிப் பார்த்தார். முதல் டர்னில் நின்ற துலுக்கானம் காலி சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். போய்க் கடைசியில் நில் என்றார். திரும்பி நடந்துகொண்டே, என்னவோ தானே முடிவு செய்தது மாதிரி, புதுக் காசை உரக்கக் கூவினார்.

வண்டியைத் திருப்பி எல்லோருக்கும் பின்னால், நிழலின் ஓரத்தில் நிறுத்தினேன். நேரமாகிவிட்டதென்று ஓடிவந்த விஜி, வழக்கம்போல என் வண்டியில் கால் வைத்தாள். கையை நீட்டித் தடுத்தேன்.

"முன்னால நிக்கிற வண்டில ஏறுடி. என் டர்ன் இன்னும் வரல."