தண்ணி செக்‌ஷன்

பிடியை இன்னும் எவ்வளவுதான் இழுப்பது, தோள்பட்டை கழன்று வந்தாலும் வரும், உள்ளே இருக்கிற சனியன் வராது போலிருக்கிறது... எந்தப் புண்ணியவான் டயப்பரைக் கழிப்பறையில் போட்டு அமுக்கினானோ, அது விமானத்தின் வால்பக்கத் தொட்டியின் வாயை அடைத்துக்கொண்டு, கீழே இவர் மாட்டியிருக்கும் பெரிய குழாயில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ஊரே நினைப்பது, கழிவையெல்லாம் வானத்திலேயே கொட்டிவிடுகிறார்கள் என்று. சம்பந்தியம்மாவும் நேற்று சாப்பிடும்போது அதைத்தான் கேட்டார், மேலேயே தொறந்து விட்டுடுவாங்களாமே என்று. இவர் வாய் சும்மா இருந்தால்தானே? இல்லீங்க, தொட்டியில சேரும், இறங்கினதும் நான்தான் வண்டியில இழுத்து, கழுவிவிட்டு, நீல மருந்துத் தண்ணி ஊத்துவேன் என்றார், பெருமையாகவே. மாப்பிள்ளை தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, கல்யாணம் பேசும்போதே மகள் அவர்களிடம் அப்பாவுக்குத் தண்ணி செக்‌ஷன் என்று சொல்லிவைத்திருந்தது, குடிக்கிற தண்ணியா என்று கேட்டதற்குத் தலையாட்டியது... தண்ணி என்றதும் குடிகாரன் என்றாவது நினைத்திருக்கக் கூடாதா, அதற்குக்கூட இவ்வளவு முகம் சுளித்திருக்க மாட்டார்கள்.

வழியனுப்ப நீங்க வர வேணாம்ப்பா என்றாள் மகள் காலையில், பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, இவர் முகத்தைப் பார்க்காமல். வரவில்லையே, வேலைக்குத்தானே வந்தார். அவள் புருஷனோடு வெளிநாடு போகிற விமானம் இதுதான் என்று தெரிந்தும் வேறு ஆளைப் போடச் சொல்லவில்லை, வீம்பு. மேலே எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று, அவளும் எங்கோ தலைக்கு மேலேதான் இருக்கிறாள்... சூப்பர்வைசர் வந்து, "விட்டுடுங்கண்ணே, சரியாகலன்னா எல்லாரையும் இறக்கிட்டு நாளைக்கு அனுப்பிக்கலாம்" என்கிறார். நாளைக்கா? அப்படியானால் இன்று ராத்திரி அவள் நம் வீட்டுக்கே திரும்பி வருவாள், உட்கார வைத்துப் பேசலாம், ஏம்மா அப்படிச் சொன்னே என்று கேட்கலாம், பிடியிலிருந்து கையை எடுத்தால் போதும்... "இருங்க தம்பி, இன்னொரு தடவை பாத்துடறேன்." தண்ணீரைக் கீழிருந்து மேலே அழுத்தி அடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். குழாய் துள்ளியது, கடகடவென்று எல்லாம் இறங்கியது. சூப்பர்வைசர் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடினார்.

நீலத் தண்ணீரை நிரப்பி மூடியை முறுக்கும்போதுதான் உறைத்தது, அவளைப் போகச் சொல்லித் தள்ளியது இந்தக் கைதான். ஏன் கையை எடுக்கவில்லை? வேலை வெறியா, அவள் மேல் இருந்த கோபமா... இல்லை, ஏம்மா என்று கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்ற பயமா?