குச்சி வைக்காத உறை

உறை தைத்து முடிந்துவிட்டது. ஹுல்டா கெஸ்லருக்கு இப்போது அதுதான் தலைவலி.

ஒரு மாதத்துக்கு முன்னால் லைல் ப்ரூவிட் அவளுடைய சேணக்கடைக்கு வந்து ரிவால்வருக்கு ஒரு தோல் உறை கேட்டபோது, அவனுக்கும் அவள் தம்பி ஆன்டனுக்கும் ஒரு பகையும் கிடையாது. "காட்டு ரோஜா போடுங்கம்மா. கொடி அடிவரைக்கும் இறங்கணும்" என்றான். இருபது மாடு வைத்திருக்கிறவனுக்கு வந்த ஆசையைப் பார் என்று சிரித்துக்கொண்டேதான் அவள் ஒத்துக்கொண்டாள். பதினோரு நாள் வேலை. தோலை நனைத்து, பதம் பார்த்து, சின்னக் கத்தியால் இதழ் இதழாகக் கீறி, மரச் சுத்தியால் தட்டித் தட்டிப் பூவை எழுப்பினாள். தோலில் கத்தி தவறினால் தவறினதுதான், அழித்து எழுத முடியாது. அவள் கத்தி தவறியதில்லை. புருஷன் செத்து ஆறு வருஷமாகத் தனியாகக் கடை நடத்துகிறாள். வயோமிங்கின் அந்த மேய்ச்சல் ஊரில் அவள் சொத்தென்று இருந்தது கை தவறாதவள் என்ற அந்தப் பேர் ஒன்றுதான்.

போன சனிக்கிழமை ஆன்டன் சாராயக்கடையில் வாயைத் திறந்தான். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று, தன் முதலாளியின் கன்றுகளுக்கு லைல் அடையாளத்தை மாற்றிச் சூடு போட்டுவிட்டான் என்று சொல்லிவிட்டான். அந்தப் பக்கத்தில் ஒருவனைக் கன்றுத் திருடன் என்பதும் அவன் கழுத்தில் கயிற்றைப் போடுவதும் ஒன்றுதான். லைல் கோப்பையைக் கீழே வைத்தான். "வர்ற சனிக்கிழமை மத்தியானம் இதே வாசல்ல நிப்பேன். துப்பாக்கியோட வா" என்றான். முப்பது பேர் கேட்டார்கள். யாராவது தடுத்தார்களா? ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், பந்தயம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

புதன்கிழமை ராச்சாப்பாட்டில் அவள் தம்பியைப் பிடித்தாள்.

"நீ உன் கண்ணால பாத்தியாடா, அவன் சூடு போட்டத?"

"பாக்கலக்கா."

"பின்ன?"

"நாலு பேரு சொன்னாங்க."

"அப்ப போய் மன்னிப்புக் கேளு. ஞாயித்துக்கிழமை விடிஞ்சா மாட்ட ஓட்டிக்கிட்டு வடக்க கிளம்பப் போற. மூணு மாசம் கழிச்சு வந்தா எவனுக்கு ஞாபகம் இருக்கப்போவுது?"

"சனிக்கிழமைக்கு முன்னாடி மன்னிப்புக் கேட்டா என்னைக் கோழைன்னு சொல்லுவாங்க" என்றான். அவரையைக் கிளறினானே தவிர ஒரு வாய் சாப்பிடவில்லை.  ஆன்டனுக்குக் குறி தப்பாது, ஆனால் கை மந்தம். லைல் துப்பாக்கியை உருவுகிற நேரத்தில் இவன் பிடியைக்கூடத் தொட்டிருக்க மாட்டான்.

வியாழன் காலையில், உறையை அளவுக்குப் படியவைக்க லைல் துப்பாக்கியோடு வந்தான். உருளையைச் சுழற்றி ஆறு அறையும் காலி என்று காட்டிவிட்டு அவள் கையில் கொடுத்தான். அது அங்கே மரியாதை. அவள் முகத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் ஆயிடுமாம்மா?"

"ஆயிடும்."

அவன் போனபின் உறையை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் நன்றாகத் துடைத்து ஈர உறைக்குள் இறக்கினாள். இனி விரலாலேயே அழுத்தி அழுத்தி, தோலை இரும்பின் உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குழல் நுனியில் சின்னத் தகடாக நிற்கும் குறிமுள்ளுக்கு மேலே, உள்பக்கமாக நீளவாக்கில் ஒரு குச்சியைச் செருகி வைப்பார்கள். தோல் காய்ந்தபின் குச்சியை எடுத்தால் அங்கே ஒரு வாய்க்கால் இருக்கும். குறிமுள் அதன் வழியே தடையில்லாமல் ஏறி வரும். குச்சி வைக்காவிட்டால் ஈரத்தோல் சுருங்கி முள்ளைக் கவ்விக்கொள்ளும். உருவும்போது ஒரு கணம் மாட்டும். ஒரு கணம்தான்.

ஆன்டனுக்கு அந்த ஒரு கணம் போதும்.

குச்சி அவள் கையில்தான் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு அதை அடுப்புக்குள் போட்டாள்.  பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, தோலை அழுத்த ஆரம்பித்தாள்.

வெள்ளி மாலை லைல் வந்தபோது உறை காய்ந்திருந்தது. வெளியே நடைபாதையில் ஏழெட்டுப் பேர் அவன் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். நாளைய கூத்துக்கு இன்றைக்கே ஒத்திகை பார்க்கிற கூட்டம். அவன் கதவைச் சாத்தினான். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரோஜா இதழ்மேல் கட்டைவிரலை ஓட்டினான்.

"இவ்வளவு நல்லா வரும்னு நெனைக்கலம்மா."

இடுப்பில் கட்டிக்கொண்டான். கையைத் தொங்கவிட்டான்.  அவன் சட்டென்று உருவினான். பாதியில் நின்றது. உறையே இடுப்புவாரோடு மேலே எழும்பி வந்தது.

இன்னொரு தரம் உருவினான். மறுபடி மாட்டியது.

துப்பாக்கியை மெல்ல வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். குறிமுள்ளின் நுனியில் ஒரு பொடித் தோல் சீவல் ஒட்டியிருந்தது. அதைக் கிள்ளி எடுத்து மேசைமேல் வைத்தான்.

"குச்சி வைக்கலையா?"

அவள் அந்தச் சீவலையே பார்த்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அலற முடியுமா?

"நீங்க மறக்கிற ஆளு இல்லையேம்மா."

"மறக்கல." சொன்னபின் அவளுக்கு மூச்சு வந்தது. "என் தம்பிடா அவன். நான் வளத்த பய. வேற என்ன செய்யச் சொல்ற?"

"என்னைச் சாவடிக்கப் பாத்திருக்கீங்க."

"ஆமா."

லைல் கை இடுப்புவாரிலிருந்த தோட்டாக்களின்மேல் போய் நின்றது. அவள் அசையவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். கோபத்தைத்தான் எதிர்பார்த்தாள். பயல் தூங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும் போலிருந்தது. கண் குழிவிழுந்து, உதடு வெடித்து, அவரையைக் கிளறிக்கொண்டிருந்த ஆன்டன் முகம் மாதிரியே இருந்தது. ஐயோ, இவனுக்கும் இஷ்டமில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நான் அவன் முதலாளி கன்னுக்குட்டியத் தொட்டதே இல்லம்மா."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன? முப்பது பேரு கேட்டுட்டாங்க. நாளைக்கு நான் நிக்கலன்னா திருடன்தான்னு முடிவு கட்டிருவாங்க."

ஹுல்டா உறையை அவிழ்க்கச் சொல்லி வாங்கினாள்.

"திரும்ப நனைச்சு, குச்சி வச்சுத் தரேன். துப்பாக்கி உள்ளயே இருக்கணும். ரெண்டாந்தரம் நனைச்ச தோலு காய ரெண்டு நாளாவும்."

அவன் நிமிர்ந்தான். "ஞாயித்துக்கிழமையா?"

"சாயங்காலம். ஆன்டன் விடியக்காலையிலயே மாட்ட ஓட்டிக்கிட்டு வடக்க போயிருப்பான்."

"அடுப்புப் பக்கத்துல வச்சா?"

"வெடிச்சுப் போவும். பூவும் போச்சு, உறையும் போச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இடுப்புல சொருகிட்டுப் போயி நிக்கணும்னா இப்பவே எடுத்துக்க. நான் தடுக்க மாட்டேன்."

அந்த ஊரில் துப்பாக்கி சேணக்கடையில் இருக்கும்போது ஒருவனைச் சண்டைக்கு இழுக்கிற வழக்கமில்லை. அது அவனுக்கும் தெரியும், வெளியே நிற்கிறவர்களுக்கும் தெரியும். லைல் துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு அதை அவள் மேசையில் வைத்தான்.

"ஏன் தாமதம்னு கேப்பாங்களே."

"நான் சொல்றேன், வா."

கதவைத் திறந்தாள். ஏழெட்டுப் பேர் இப்போது பதினைந்து ஆகியிருந்தார்கள். கொல்லன் டாப்ஸ் முன்னால் நின்றான். அவன்தான் பந்தயப் பணத்தை வைத்திருந்தான்.

"என்ன லைல், இடுப்பு காலியா இருக்கு?"

"ஞாயிறு சாயங்காலந்தான் கிடைக்கும்" என்றாள் ஹுல்டா. "உறையில குச்சி வைக்க மறந்துட்டேன்."

 டாப்ஸ் வாய்விட்டுச் சிரித்தான்.

"குச்சி வைக்க மறந்துட்டியா? முதநாள் வேலைக்கு வந்தவன்கூட மறக்க மாட்டானே! அடுத்த மாசம் என் சேணத்த வேற ஊர்ல குடுத்துக்கறேம்மா, கும்பிடு!"

கூட்டமே சிரித்தது. அவளிடம் சேணம் வாங்கிய இரண்டு பேர்கூட அதில் இருந்தார்கள். லைல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆமா" என்றாள், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி. "வயசாயிடுச்சு. மறந்துட்டேன்."