ரங்கன் எடுத்த காற்று

மீரான் பாய் குவைத்திலிருந்து திரும்பியபோது கூடவே ஒரு காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். எண்பத்து மூன்றில் பழவேற்காட்டில் அந்த மாதிரி வண்டி அது ஒன்றுதான். அதற்கு டிரைவர் இந்த ஆபிரகாம், நான்தான். கார்புரேட்டர் இல்லாத இஞ்சின். ஊரில் எவனுக்கும் அது புரியவில்லை, எனக்கும்தான். மெட்ராஸ் மெக்கானிக் ஒருவர் பச்சைப் பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி எனக்கு விளக்கினார். டேங்க் பக்கத்தில் இருக்கிற கரண்டு பம்ப் பெட்ரோலை வேகமாக முன்னால் தள்ளும். இஞ்சின் பக்கத்தில் ஒரு ரெகுலேட்டர். தேவைக்கு மேல் வந்ததை அது டேங்குக்கே திருப்பி அனுப்பிவிட்டு, குழாயில் எப்போதும் ஒரே பிரஷர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தினால் பம்பும் நின்றுவிடும். ஆனால் அதிலுள்ள வால்வு மூடிக்கொண்டு, இருக்கிற பிரஷரை விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

"அந்தப் பிரஷர் போயிடுச்சுன்னா சூட்டுல பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாயிடும். அப்புறம் இஞ்சின் ஆறுற வரைக்கும் வண்டி கிளம்பாது. எந்த நட்டுலயும் கை வெக்காதே" என்றார். அவர் சொன்ன தோரணை பிடிக்காவிட்டாலும் நான் கை வைக்கவில்லை.

ரங்கன் ஏரிக்கு அக்கரையில் இருக்கிற பசியாவரத்துக்காரன். டீசல் போட்டில் இஞ்சின் பார்க்கிறவன். டீசல் இஞ்சினில் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் தலைகீழாக நின்றாலும் அது கிளம்பாது. நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை டீசலை வழியவிட்டு, மறுபடி முடுக்க வேண்டும். காற்றெடுப்பது என்பார்கள். மற்றவர்கள் இஞ்சின் மக்கர் செய்தால்தான் காற்றெடுப்பார்கள். ரங்கன் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் எடுப்பான். ஒருமுறை முகத்துவாரத்தில் இஞ்சின் நின்றுபோய் அலையில் மாட்டிக்கொண்ட பயம் அவனுக்கு. ஸ்பானர் இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. கல்யாணத்தன்றுகூட இடுப்பில் செருகியிருந்தான் என்று அவன் மனைவி நாகம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

மே மாதத்து மத்தியானம். பாயைப் பொன்னேரியில் இறக்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். பானட்டில் கை வைக்க முடியாத சூடு. படகுத்துறையில் ஒரே கூச்சல். நாகம்மாளுக்கு விடிந்ததிலிருந்து வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பசியாவரத்திலிருந்து கட்டிலோடு படகில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ரங்கன் தண்ணீரில் குதித்து என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணே, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போவணும். பாய் இன்னா சொல்வாரோன்னு பாக்காதண்ணே."

"பாய் கெடக்கட்டும். நீ போயி பின் சீட்டுல துணி விரி, நான் தூக்கறேன்" என்று சேற்றில் இறங்கினேன். ஏரி வற்றியிருந்ததால் படகு கரைவரைக்கும் வரவில்லை. முழங்கால் சேற்றில் நாலு பேர் கட்டிலைச் சுமந்து வந்தோம். நாகம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கொயந்த பொழைக்குமா?"

"ரெண்டு பேரும் பொழைப்பீங்க. அதான் கார் கீதே, இன்னா பயம்?" என்றேன். அப்போது எனக்கு உண்மையாகவே பயமில்லை.

அவளைப் படுக்கவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். மறுபடி. இத்தனை நாளும் ஒரு தடவையில் கிளம்பிய சனியன், அன்றைக்கென்று பார்த்து அழிச்சாட்டியம் செய்தது. பேட்டரியும் இறங்கிப்போயிற்று. பொன்னேரி பஸ் போய்விட்டிருந்தது. மணலில் சக்கரம் புதைந்து தள்ளவும் முடியவில்லை. ஆட்களைத் திரட்டி, பலகை போட்டு, தார் ரோட்டுக்கு ஏற்றுவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. அதுவரை கத்திக்கொண்டிருந்த நாகம்மாள் கத்துவதை நிறுத்தினாள். தள்ளிக்கொண்டே ஓடியபோது இஞ்சின் ஒருவழியாகப் பிடித்தது.

பொன்னேரியில் டாக்டரம்மா வெளியே வந்து, "இவ்வளவு நேரம் எங்கய்யா இருந்தீங்க?" என்று எரிந்து விழுந்தார். அப்புறம் ரங்கனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

வராந்தாவில் ரங்கன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் தோள்துண்டில் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

"இன்னாடா இது?"

"நீ படகாண்ட போனப்போ காத்து எடுத்தேண்ணே. வழியில நின்னுடக் கூடாதுன்னு. நட்ட லூஸ் பண்ணதும் புஸ்ஸுனு அடிச்சுது. அடங்கற வரைக்கும் வுட்டுட்டு டைட் பண்ணேன்."

மெக்கானிக் சொன்ன அந்தப் பிரஷரைத்தான் அடங்கும் வரை விட்டிருக்கிறான். கொதிக்கிற இஞ்சின்மேல் பெட்ரோலைப் பீய்ச்சியிருக்கிறான். தீப்பிடித்து அங்கேயே எரிந்திருக்க வேண்டும். அவன் கன்னத்தில் ஓங்கி அறையலாம் போல இருந்தது. அறைய எழுந்த கை அவன் முதுகில் போய் நின்றது.

"நான் காத்து எடுத்ததாலதான் கடைசிலயாவது ஸ்டார்ட் ஆச்சு, இல்லண்ணே?"

"ஆமாண்டா" என்றேன். வேறு என்ன சொல்வேன்? இன்னொரு தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்து அவன் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தான். நான் வெயிலில் ஓட்டி வந்து வண்டியை நிறுத்துவதையும், உடனே கிளப்பிக்கொண்டு போவதையும் அவ்வப்போது தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பான். இஞ்சின்காரனின் காது சும்மா இருக்குமா? ஒருநாள் உச்சிவெயிலில் துறைக்கே வந்து வண்டியை மறித்தான்.

"ஆஃப் பண்ணுண்ணே."

நிறுத்தினேன்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு."

சாவியைத் திருப்பியதும் கிளம்பியது.

"ஆஃப் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் பானட்டைத் திறந்தான். அவன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இறங்கி ஓடி அவன் கையைப் பிடித்தேன். "வேணாண்டா ரங்கா, உன் கால்ல வேணாலும் வுழறேன்." அவன் என்னை உதறிவிட்டு, நட்டின்மேல் துணியைச் சுற்றித் தளர்த்தினான். பெட்ரோல் சீறி, பிறகு அடங்கியது. நிதானமாக முடுக்கினான்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு."

நான் அசையவில்லை. அவனே உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். இஞ்சின் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மறுபடி திருப்பினான். அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். சாவியை விட்டுவிட்டான்.

"அன்னிக்கு ஆமான்னு சொன்னியேண்ணே."

"நீ தாங்க மாட்டேன்னுதான்டா..."

"நான் கை வெக்காம இருந்திருந்தா, அவ பொழைச்சிருப்பாளா?" அவன் குரலில் கோபம்கூட இல்லை. "இப்பவும் ஆமான்னு சொல்லேன், பாப்போம்."

நான் பானட்டை மூடினேன். அவன் போகவில்லை. வண்டி ஆறும் வரை இரண்டு பேரும் அந்த வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தோம்.