மிச்சப் பாதி

நான்காவது சுற்று மருந்து ஏறி இருபத்தோரு நாள் ஆகியிருந்தது. அம்மாவின் இரைப்பையில் இருந்த புற்றுநோய்க் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது என்று ஸ்கேன் படத்தைக் காட்டினார் டாக்டர் தேஜஸ். வியாழக்கிழமை ஆபரேஷன்.

நான் பி.எஸ்சி. என்று தெரிந்ததிலிருந்து எல்லாவற்றையும் என்னிடம் ஆங்கிலத்தில்தான் சொல்வார். நான் தலையாட்டுவேன். பிறகு அம்மாவுக்குச் சொல்வேன். நோயின் பெயரைக்கூட மறைக்கவில்லை. ஆபரேஷனைப் பற்றி அவரை முதன்முதலாகப் பார்த்த அன்று அவர் சொன்ன ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எனக்கே அது பிடிபடவில்லை. கல்லூரியில் பலமுறை வரைந்த ஜீரண மண்டலப் படத்தில் எங்கும் அது பொருந்தவில்லை. மறுபடி கேட்கவும் கூச்சம்.

வராந்தாவில் அம்மா கணக்குப் போட்டாள்.

"நாலு தடவ மருந்து ஏத்துனதுக்குப் பாதி கரஞ்சிருச்சு. ஆபரேசனுக்கப்பறம் இன்னும் நாலு தடவ இருக்குதுன்னாங்கல்ல?"

"ஆமாம்மா."

"அத இப்பவே ஏத்துனா மிச்சப் பாதியும் கரையுமல்ல கண்ணு? எதுக்கு அறுக்கோணும்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. 

"இத்தன படிச்சும் வாயத் தொறக்க மாட்டீங்கற. இரு, நானே கேக்கறேன்."

உள்ளே போய், கர்நாடக எல்லையில் எங்கள் ஹனூர்ச் சந்தையில் தக்காளி விலை பேசும் கன்னடத்திலேயே கேட்டாள். ஆபரேஷன் வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்றாள்.

டாக்டரும் கன்னடத்துக்கு மாறினார். மருந்து கட்டியைச் சுருக்க மட்டுமே செய்யும், எடுக்காவிட்டால் திரும்ப வளரும் என்றார். ஆபரேஷனுக்குப் பிந்தைய நாலு சுற்றும், ஸ்கேனில் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கும் நோய்த் துணுக்குகளை அழிப்பதற்கு.



"செரி. அந்தக் கட்டிய மட்டும் எடுத்துருங்க. ஒரு வாரத்துல களி திங்கலாமா? இப்பத்தான் தொண்டையில நிக்காம எறங்குது."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் சொல்லவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்னங்கறாரு? உம் மூஞ்சியப் பாரு, பால் குடிச்ச பூனையாட்ட."

நான் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டேன்.

"சௌம்யா, என்னன்னு சொல்லு. இல்லீன்னா நான் பஸ்ஸேறிருவேன்."

"கட்டிய மட்டும் இல்லம்மா. இரைப்பையவே முழுசா எடுத்துருவாங்க."