ஒன்றரைச் சுற்று

நல்ல மின்குமிழ் ஒன்று தன்பாட்டில் ஒன்றரைச் சுற்றுக் கழன்று நிற்குமா?

இருபத்திரண்டு வருடமாகக் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற தியாகலிங்கத்துக்கே இதற்கு விடை தெரியவில்லை. பதினாறு யூதக் குடும்பங்கள் சேர்ந்து மொன்றியலில் நடத்துகிற சின்னத் தொழுகைக்கூடம் அது. அதன் சமையலறைப் பெட்டியைப் போன வெள்ளிக்கிழமை பார்த்தபோது உள்ளே மின்குமிழ் கழன்றிருந்தது. செவ்வாய் கதவு றப்பருக்கு அளவெடுக்க வந்தார், பளிச்சென்று எரிந்தது. இன்று வெள்ளி மத்தியானம். மறுபடியும் அதே ஒன்றரைச் சுற்று!

மோட்டார் அதிர்ந்து கழற்றுகிறது என்று முடிவுகட்டினார். செவ்வாய்க்கிழமை அதை யார் இறுக்கியிருப்பார் என்ற கேள்வியை அவர் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

புது றப்பரைப் பூட்டினார். முன்கால்கள் இரண்டையும் கொஞ்சம் உயர்த்தினார். பெட்டி பின்பக்கம் நூலளவு சாய்ந்தால் போதும், கதவு தன் பாரத்திலேயே வந்து சாத்திக்கொள்ளும். காந்த றப்பர் இழுத்து ஒட்டிக்கொள்ளும். இதை அவர் கூடத்தைப் பராமரிக்கிற முதியவர் ஸ்லட்கினுக்கு மூன்று தரம் திறந்து காட்டினார். ஸ்லட்கின் மூன்று தரமும் வியந்தார்.

"நாளைக்கு மதியம் மனைவியோடு சாப்பிட வாருங்கள்" என்றார் ஸ்லட்கின்.

தியாகலிங்கம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"வெறுங்கையோட போகேலாதப்பா" என்றாள் சிவமலர். "நல்ல வைன் போத்தில் ஒண்டு?"

ஸ்லட்கினிடம் கேட்டார். வைனை யார் செய்தது, யார் கையாண்டது என்றெல்லாம் பார்க்க வேண்டுமாம்.

"அப்ப நான் கேக் அடிக்கிறன்."

அவர்களுடைய விதிப்படி நடக்கும் சமையலறையில் செய்ததைத்தான் சாப்பிடுவார்களாம்.

"பூ?"

சனிக்கிழமை பூவைத் தண்ணீரில் வைக்க மாட்டார்களாம்.

"ஒன்றும் வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள்" என்றார் ஸ்லட்கின்.

"அந்தாள் அப்பிடித்தான் சொல்லும்" என்றாள் சிவமலர். "வெறுங்கையோட போனால் எனக்கு அங்க சோறு இறங்காது. நீங்கள்தான் ஒரு வழி பாக்கோணும். சும்மா பிறிட்ஜுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிக்காதேங்கோ."

அவருடைய தலை அப்போது பிறிட்ஜுக்குள்தான் இருந்தது. கண்ணெதிரே அந்த மின்குமிழ். வண்டிக்குப் போய், புதிதாய் இன்னும் பிரகாசமான ஒன்றை எடுத்துவந்து, அதிர்வுக்கு அசையாதபடி இறுக்கிப் பூட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குத் திறந்து பார்த்து அவர்களே மகிழட்டும்.

"பரிசு குடுத்தாச்சு" என்றார் மனைவியிடம், பெருமையாக.

மறுநாள் அவர்கள் போனபோது வாசலில் ஒருவரும் இல்லை. சமையலறையில் நாற்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் ஸ்லட்கின், குளிர்சாதனப் பெட்டியின் கதவை அகலத் திறந்து, நெரிசல் பேருந்தில் கம்பியைப் பிடித்தவர் மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வெளிச்சம் கண்ணைப் பறித்தது. சாப்பாட்டுத் தட்டுகளை மற்றவர்கள் வெளியே எடுத்து முடித்திருந்தார்கள். மாலைக்குரிய மீனும் பாலும் உள்ளேயே இருந்தன.

"கதவைச் சாத்துங்கள், குளிர் போகிறது" என்று பதறினார் தியாகலிங்கம்.

"இன்று எங்கள் ஓய்வுநாள்" என்றார் ஸ்லட்கின். "விளக்கைப் போடவும் மாட்டோம், அணைக்கவும் மாட்டோம். கதவைத் திறந்தேன், எரிந்துவிட்டது. கையை விட்டால் கதவு தானாகச் சாத்தும். நீங்கள்தானே காட்டினீர்கள். சாத்தினால் அணையும்."

"ஓம், றப்பர் நல்லாப் பிடிக்கும்."

"நாற்காலியை முட்டுக்கொடுத்தால் இருட்டுவதற்குள் மீன் கெட்டுவிடும்" என்றார் ஸ்லட்கின், இன்னும் மெதுவாக. "பிறரிடம் இதைச் செய்யச் சொல்லிக் கேட்கவும் எங்களுக்கு வழக்கமில்லை."

"நல்ல வழக்கம்" என்றார் தியாகலிங்கம்.

"ஒருவர் தன் சொந்தத் தேவைக்காகச் சாத்தினால் நாங்கள் என்ன செய்ய முடியும்?"

"ஒண்டும் செய்யேலாதுதான்."

நாற்பது பேரும் பெருமூச்சு விட்டார்கள். சிவமலர் கணவனின் விலாவில் இடித்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கட வித்தியாக்கா தேத்தண்ணி கேக்கிற மாதிரித்தான் மனுசன் கேக்குது. 'வெளியில சரியான குளிர் என்ன, சிவமலர்' எண்டுவா. தேத்தண்ணி எண்டு வாய் திறக்கமாட்டா. உங்களுக்கு இது விளங்கேல்லையே?"

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள்: "எனக்கு இந்த வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது."

கதவைத் தள்ளினாள். ஸ்லட்கின் கையை எடுத்தார். றப்பர் 'சப்' என்று ஒட்டியது. மிகவும் நல்ல றப்பர்.

சாப்பாட்டு மேசையில்தான் விடை கிடைத்தது. ஒவ்வொரு வெள்ளி காலையும் ஸ்லட்கின் கதிரை போட்டு ஏறி மின்குமிழை ஒன்றரைச் சுற்றுக் கழற்றிவிடுவார். ஞாயிறு காலை மறுபடி இறுக்குவார். நேற்றும் மறக்காமல் கழற்றியிருந்தார்.

"யார் இறுக்கினார்களோ!" என்றார்.

தியாகலிங்கம் கரண்டியைக் கீழே வைத்தார். "நான்தான்" என்றார். "அது... பரிசு."

கூடம் சிரித்த சிரிப்பில் கோப்பைகள் ஆடின. அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

வண்டியில் ஏறியதும் சிவமலர் தொடங்கினாள். "பரிசு குடுத்தாச்சு எண்டீங்கள். குடுத்தீங்கள்தான், ஊரே நிண்டு பாத்தது. இப்ப வெறுங்கைக்கும் கீழ போயிட்டம்."

அவர் வண்டியைக் கிளப்பினார். எழுபது வயது மனிதர் கதிரையில் ஏறி இறங்குவதையே நினைத்துக்கொண்டிருந்தார். தவறு மின்குமிழில் இல்லை, மறதியிலும் இல்லை. ஒரே வேலையை வாரத்துக்கு இரண்டு தரம் மனிதக் கை செய்யவேண்டியிருப்பதுதான் தவறு.

வியாழக்கிழமை அவர் ஒரு சின்னப் பெட்டியோடு போனார். சிவமலர் அதற்கு நாடா கட்டிவிட்டிருந்தாள். உள்ளே ஏழு நாளைக்கு ஒருமுறை சுற்றி வருகிற நேரச் சுவிச். ஸ்லட்கின் அதைத் தங்கள் மதகுருவான ரபியிடம் காட்டினார், ரபி தலையாட்டினார். தியாகலிங்கம் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, மின்குமிழுக்குப் போகும் கம்பியை மட்டும் வெட்டி, அந்தச் சுவிச்சூடாகக் கொண்டுபோய் இணைத்தார்.

வெள்ளி காலையிலிருந்து ஞாயிறு காலைவரை மின்குமிழுக்கு மின்சாரம் போகாது; மோட்டார் வழமைபோல ஓடும். மற்ற நாட்களில் கதவைத் திறந்தால் எரியும். வார நடுவில் வரும் பண்டிகைகளிலும் விளக்கை அணைத்துவைக்க, பக்கத்திலேயே ஒரு கைச்சுவிச் இருக்கிறது. மின்குமிழை இனி ஒருவரும் கழற்ற வேண்டியதில்லை.